இளம் ஐஸ் டான்ஸ் ஜோடி எவ்வளவு தூரம் போகும்? பதக்கத்தைத் தாண்டிக் கணிக்கும் வழி

ஐஸ் டான்ஸ் என்பது ஆணும் பெண்ணும் ஜோடியாகப் பனித்தளத்தில் ஆடும் ஸ்கேட்டிங் பிரிவு. 2006 முதல் 2025 வரை அதில் உலக ஜூனியர் பட்டம் வென்ற ஜோடிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அவர்களில் அதே ஜோடியாகவே நீடித்து, பின்னால் சீனியர் உலகப் பட்டத்தையும் வென்றவர்கள், 2025 வரையிலான கணக்குப்படி, ஒரே ஒரு ஜோடிதான்: கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூவும் ஸ்காட் மொயரும். 2006-இல் ஜூனியர் பட்டம், 2010, 2012, 2017 ஆண்டுகளில் உலகப் பட்டம், 2010-இலும் 2018-இலும் ஒலிம்பிக் தங்கம். அவ்வளவுதான், வேறு யாரும் இல்லை.

அதற்காக மற்ற ஜூனியர் சாம்பியன்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதே பட்டியலை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். 2008-இல் ஜூனியர் பட்டம் வென்றவர்கள் அமெரிக்காவின் எமிலி சாமுவெல்சனும் எவன் பேட்ஸும். 2009-இல் வென்றவர்கள் மேடிசன் சாக்கும் கிரெக் ஸுயர்லைனும். இரண்டு ஜோடியும் நிலைக்கவில்லை, 2011-இல் சாக்கும் பேட்ஸும் சேர்ந்தார்கள், 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு உலகப் பட்டம் அவர்களுடையது. ரஷ்யாவிலும் இதே கதைதான். 2010-இல் எலேனா இலினிக்–நிகிதா கட்சலாபோவ், 2012-இல் விக்டோரியா சினிட்சினா–ருஸ்லான் ஜிகான்ஷின் ஜூனியர் பட்டம் வென்றார்கள். 2014 ஒலிம்பிக் முடிந்த கையோடு இரண்டு ஜோடியும் பிரிந்து ஆள் மாறிச் சேர்ந்தார்கள், அதில் சினிட்சினா–கட்சலாபோவ் ஜோடி 2021-இல் உலக சாம்பியன் ஆனது.

ஆக, அந்த ஜூனியர் தங்கங்கள் பொய் சொல்லவில்லை. ஆட்களிடம் சரக்கு இருந்தது, ஜோடிதான் நிற்கவில்லை. அதனால் ஓர் இளம் ஜோடியைப் பற்றி "இவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள்" என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். இவர்களுடைய ஸ்கேட்டிங் மேலே வளரக்கூடிய ஸ்கேட்டிங்கா? அது வளர்ந்து முடிக்கும்வரை இவர்கள் சேர்ந்திருப்பார்களா? பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு மதிப்பெண்ணைப் பார்த்து விடை சொல்லிவிட்டு, இரண்டாவதைக் கேட்பதே இல்லை. இரண்டையும் ஒழுங்காகக் கேட்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கால்களைப் பாருங்கள்

ஐஸ் டான்ஸில் பெரிய ஜம்ப் கிடையாது, பெண்ணைத் தூக்கி எறிவது கிடையாது, ஆண் தன் தலைக்கு மேலே கையை உயர்த்தித் தூக்கவும் கூடாது. அதெல்லாம் பேர்ஸ் என்ற இன்னொரு ஜோடிப் பிரிவில். இங்கே மிஞ்சுவது பிளேடு பனியில் எப்படி ஓடுகிறது, இரண்டு பேர் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு வேகத்தில், ஒரே மாதிரி ஓடுகிறார்கள் என்பதுதான். இந்த அடிப்படை பதினைந்து வயதில் சுமாராக இருந்தால் இருபத்திரண்டு வயதில் அற்புதமாக மாறுவது அபூர்வம். நாடக பாவனை, முகபாவம், உடை, இசைத் தேர்வு எல்லாம் நல்ல கோச் கையில் இரண்டே வருடத்தில் தலைகீழாக மாறும். எட்ஜ், அதாவது பிளேடின் ஓரத்தில் சாய்ந்து ஓடும் விதம், அப்படி மாறாது. அதனால்தான் நான் எப்போதும் கீழேயிருந்து மேலே பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு ஆட்டத்தை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். இசை இல்லாமல் பார்த்தால் அதுவரை இசை மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். வேகம் எடுக்க எத்தனை தள்ளு தேவைப்படுகிறது? முழங்கால் ஆழமாக மடங்கி எழுகிறதா, விறைப்பாகவே நிற்கிறதா? வளைவில் போகும்போது உடல் முழுக்கச் சாய்ந்து போகிறதா, அல்லது நிமிர்ந்தபடி காலை மட்டும் வளைக்கிறார்களா? நல்ல ஜோடி நாலைந்து தள்ளில் தளத்தின் மறுமுனைக்குப் போய்விடும், அதுவும் தள்ளுவது கண்ணுக்குத் தெரியாமல். சுமாரான ஜோடி ஒவ்வொரு அங்கத்துக்கும் (லிஃப்ட், ஸ்டெப் வரிசை போலத் தனியே மதிப்பெண் பெறும் பகுதி) முன்னால் ஓடி ஓடி வேகம் சேர்க்கும், அங்கம் முடிந்ததும் அந்த வேகம் செத்துப்போகும்.

இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். ஆழமான எட்ஜில் ஓடும் பிளேடு பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அல்லது ஒரு தடித்த உறுமல் கேட்கும். கரகரவென்று சுரண்டும் சத்தம் அடிக்கடி வந்தால் திருப்பங்களில் பிளேடு சறுக்கித் தேய்கிறது என்று அர்த்தம். ஒலிபரப்பில் இசை பலமாக இருந்தால் இது கஷ்டம்தான், பயிற்சி நேர வீடியோ கிடைத்தால் நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது முறை இருவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். இளம் ஜோடிகள் பலர் கையை நீட்டிப் பிடித்தபடி, ஒருவர் காலில் ஒருவர் மோதிவிடாத தூரத்தில் ஓடுவார்கள், கஷ்டமான திருப்பம் வரும்போதெல்லாம் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாகச் செய்து முடித்துவிட்டுத் திரும்பச் சேருவார்கள். வால்ட்ஸ் பிடியிலோ டாங்கோ பிடியிலோ மார்போடு மார்பு ஒட்டி, எதிரும் புதிருமாக, முழு வேகத்தில் திருப்பம் எடுக்கும் பதினாறு வயது ஜோடியைப் பார்த்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெருக்கத்துக்கு வருடக்கணக்கான நம்பிக்கை வேண்டும், கூடவே இருவருக்கும் சமமான திறமையும் வேண்டும்.

பெண்ணைத் தூக்கிச் செல்லும் லிஃப்டுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. அரங்கம் கைதட்டுவது லிஃப்டுக்குத்தான், ஆனால் ஜோடிகளைப் பிரித்துக் காட்டுவதில் லிஃப்ட் அவ்வளவு உதவாது. ஓரளவு தேறிய ஜோடிகள் எல்லோருமே கடினத்துக்குக் கொடுக்கும் உச்ச லெவலான நான்கை எடுத்துவிடுகிறார்கள். குறு லிஃப்டுக்கு 7 விநாடி, கூட்டு லிஃப்டுக்கு 12 விநாடி என்று நேர வரம்பு வேறு இருக்கிறது, தாண்டினால் ஒரு புள்ளி போகும். லிஃப்டில் பார்க்க வேண்டியது உச்சியில் பெண் எடுக்கும் வடிவத்தை அல்ல, உள்ளே போகும் விதத்தையும் வெளியே வரும் விதத்தையும்தான். ஆண் நின்று, மூச்சு வாங்கி, பிடியைச் சரிசெய்து தூக்குகிறாரா? ஸ்டெப் போட்டுக்கொண்டே வந்து எப்போது தூக்கினார் என்றே தெரியாமல் தூக்குகிறாரா? இறக்கிவிட்ட அடுத்த நொடி இருவரும் ஓடிக்கொண்டிருக்கிறார்களா, தடுமாறிச் சேர்கிறார்களா? விடை இதில்தான் கிடைக்கும்.

ஜூனியர் போட்டிகளில் நமக்கு வசதியான ஒன்று இருக்கிறது. போட்டியின் முதல் ஆட்டமான ரிதம் டான்ஸில் பெரும்பாலான சீசன்களில் குறிப்பிட்ட ஒரு பேட்டர்ன் டான்ஸ் பகுதி கட்டாயம். எல்லா ஜோடியும் அதே ஸ்டெப், அதே பாதை, ஏறக்குறைய அதே தாளம். கோரியோகிராஃபரின் கெட்டிக்காரத்தனம் எதையும் மறைக்க முடியாத இடம் இது. அதில் சில திருப்பங்களை முக்கியப் புள்ளிகளாகக் குறித்து, சரியான எட்ஜில் சுத்தமாகச் செய்தார்களா என்று தொழில்நுட்பக் குழு மறு ஒளிபரப்பில் பார்த்து முடிவு செய்யும். ஒரே போட்டியில் முதல் பத்து ஜோடிகளின் இந்தப் பகுதியை மட்டும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது ஆட்டமான ஃப்ரீ டான்ஸ் முழுவதையும் பார்ப்பதைவிட இது அதிகம் சொல்லும்.

புரோட்டோகாலை வாசிக்கும் விதம்

ஒவ்வொரு சர்வதேசப் போட்டி முடிந்ததும் புரோட்டோகால் என்ற நடுவர்களின் முழு மதிப்பெண் தாள் வெளியாகும். ஓர் அங்கத்துக்கு என்ன லெவல், அடிப்படை மதிப்பு எவ்வளவு, ஒவ்வொரு நடுவரும் -5 முதல் +5 வரையிலான தர மதிப்பெண்ணில் எதைக் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே மூன்று காம்பொனென்ட், அதாவது ஆட்டத்தின் மொத்தத் தரத்துக்கான மதிப்பெண்கள்: கம்போசிஷன் (நடன அமைப்பு), பிரசெண்டேஷன் (வெளிப்பாடு), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (ஸ்கேட்டிங் திறன்). 2022-23 சீசனுக்கு முன்னால் இவை ஐந்தாக இருந்தன, அதனால் பழைய தாளையும் புதிய தாளையும் வரிக்கு வரி ஒப்பிடாதீர்கள்.

மொத்த மதிப்பெண்ணை முதலில் பார்க்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. ட்விஸில் (ஒற்றைக்காலில் சுழன்றபடியே நகர்வது) வரிக்கும் ஒற்றைக்கால் ஸ்டெப் வரிசை வரிக்கும் நேரே போங்கள். 2018-19 முதல் இந்த அங்கங்களில் பெண்ணுக்குத் தனியாக, ஆணுக்குத் தனியாக லெவல் போடுகிறார்கள், இது நமக்கெல்லாம் பெரிய வரம். பெண் நான்கு, ஆண் இரண்டு என்று ஒரு போட்டியில் வந்தால் அது அன்றைய நாளின் சறுக்கலாக இருக்கலாம். ஒரு சீசன் முழுக்க, வேறு வேறு குழுக்களின் கையில், அதே பக்கம்தான் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அந்த ஜோடியில் ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு போகிறார். இதை எந்த வர்ணனையாளரும் சொல்ல மாட்டார், தாள் சொல்லும். இந்த இடைவெளி சீசனுக்கு சீசன் குறைகிறதா அகலுகிறதா என்பதுதான் இளம் ஜோடியைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அறிகுறி. அகலுகிறது என்றால் சில வருடங்களில் திறமையான பக்கத்துக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வரும், ஜோடி பிரியும்.

அடுத்து காம்பொனென்ட். இதில் ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் மற்ற இரண்டையும்விடக் கால் புள்ளி, அரைப் புள்ளி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் நடுவர்கள் நடனத்தை ரசித்திருக்கிறார்கள், காலை அவ்வளவாக நம்பவில்லை. மேலே இருந்தால் எனக்கு உற்சாகம் வரும், ஏனென்றால் முன்பே சொன்ன மாதிரி மற்ற இரண்டும் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஃப்ரீ டான்ஸில் காம்பொனென்டின் உச்ச மதிப்பு 60, ரிதம் டான்ஸில் 39.9. மேல்மட்டத்தில் இது மொத்த மதிப்பெண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதனால் இந்தச் சின்ன வித்தியாசத்தை அலட்சியப்படுத்த வேண்டாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் செய்யாதீர்கள். ஒரு போட்டியின் மதிப்பெண்ணை வேறொரு போட்டியின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு "இவர்கள் மூன்று புள்ளி மேலே" என்று சொல்லாதீர்கள். ஒரு குழு லெவல் கொடுப்பதில் தாராளமாக இருக்கும், இன்னொன்று கறாராக இருக்கும், ஐஸ் டான்ஸில் இந்த வித்தியாசம் சில புள்ளிகள் வரை போகும். ஒரே போட்டியில் பக்கத்தில் முடித்த ஜோடிகளோடு ஒப்பிடுங்கள். அப்புறம், தேசியப் போட்டியின் மதிப்பெண்ணை வைத்து எதையும் கணிக்காதீர்கள். சொந்த மண்ணில் கை எல்லா இடத்திலும் தாராளம்தான்.

ஜூனியர் கிராண்ட் பிரீ தொடரை எப்படி எடுத்துக்கொள்வது? பொதுவாக ஒரு சீசனில் ஏழு போட்டி, ஒரு ஜோடி அதிகபட்சம் இரண்டில் ஆடலாம், புள்ளிகளில் முதல் ஆறு ஜோடி இறுதிக்குப் போகும். முதல் இடத்துக்கு 15, இரண்டாவதற்கு 13, மூன்றாவதற்கு 11. ஏழு போட்டியின் பலமும் ஒன்றாக இருக்காது, ஆகவே ஒரு வாரத்துத் தங்கமும் இன்னொரு வாரத்து நான்காம் இடமும் சமமாகவே இருக்கலாம். இறுதிப் போட்டிக்கு வந்தார்களா, அங்கே மற்ற ஐவர் பக்கத்தில் எப்படித் தெரிந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

வயதும் வளர்ச்சியும்

ஜூனியரில் சர்வதேசப் போட்டிக்கு வர ஜூலை 1-க்கு முன் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். சீனியருக்கான குறைந்தபட்ச வயதை சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐ.எஸ்.யு. 2022-இல் முடிவு செய்து படிப்படியாக உயர்த்தி, 2024-25 முதல் 17 ஆக்கிவிட்டது. இது நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் கணிப்புக்கு ஒரு புதிய கேள்வியைச் சேர்த்திருக்கிறது: இருவருக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு? ஐஸ் டான்ஸில் ஆணுக்கு ஜூனியர் மேல்வயது வரம்பு ஒற்றையர் பிரிவைவிடக் கூடுதல் என்றாலும், வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒருவர் ஜூனியர் வயதைத் தாண்டிவிட, மற்றவருக்கு சீனியர் வயது வராமல், எங்கேயும் ஆட முடியாத சீசன் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துவிடலாம். அந்த மாதிரி ஒரு வருடத்தில்தான் பிரிவுகள் நடக்கும். பிறந்த தேதிகள் இருவருடைய அதிகாரபூர்வ விவரப் பக்கத்திலேயே இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உடல் வளர்ச்சி இன்னொன்று. பதினான்கு வயதில் ஒரே உயரம் இருக்கும் ஜோடி பதினெட்டில் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உயரம் கூடும்போது ஈர்ப்பு மையம் நகரும், ட்விஸில் கெடும், பழைய லிஃப்ட் வேலை செய்யாது. ஒரு சீசன் முழுக்கப் பின்வாங்கிய மாதிரி தெரியும். அந்த சீசனில் முடிவு கட்டிவிடாதீர்கள், அடுத்த சீசனில் என்ன மீண்டு வருகிறது என்று பாருங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: வளரும் பெண்களின் எடையைப் பற்றி எழுதுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது கணிப்புக்கு எந்த விதத்திலும் உதவாது, படிக்கிற அந்தப் பிள்ளையைக் காயப்படுத்தும்.

சேர்ந்திருப்பார்களா?

இதற்கு மதிப்பெண் தாள் இல்லை, ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

எத்தனை வருடமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது முதலில். வர்ச்சூவும் மொயரும் 1997-இல் சேர்ந்தபோது வர்ச்சூவுக்கு 7, மொயருக்கு 9. அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி ஒயிட்டும் அதே ஆண்டில் சேர்ந்தார்கள். 2006 உலக ஜூனியரில் வர்ச்சூ–மொயர் தங்கம் வாங்கியபோது இவர்களுக்கு வெண்கலம், 2014-இல் இவர்களுக்கு ஒலிம்பிக் தங்கம். பிரான்ஸின் கேப்ரியலா பாபதாகிஸும் கியோம் சிசெரோனும் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தவர்கள்தான். சிறு வயதிலேயே சேர்ந்து, ஒருவருடைய வளர்ச்சியில் இன்னொருவர் ஒட்டியே வளர்ந்த ஜோடிக்கு அந்த ஒரே மாதிரியான முழங்கால் தானாக வந்துவிடுகிறது. பதினேழு வயதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை வேலை செய்துதான் வாங்க வேண்டும். வாங்க முடியாது என்றில்லை, சாக்–பேட்ஸ் வாங்கினார்கள், ஆனால் 2011-இல் சேர்ந்து முதல் உலகப் பட்டம் 2023-இல், அப்போது பேட்ஸுக்கு வயது 34.

உடன்பிறந்தவர்கள் என்றால் பிரியும் ஆபத்து குறைவு. 2017-இல் ரேச்சல், மைக்கேல் பார்சன்ஸ், 2022-இல் ஊனா, கேஜ் பிரவுன், 2023-இல் செக் நாட்டின் கதெரினா மிராஸ்கோவா, டேனியல் மிராஸெக் என்று ஜூனியர் பட்டம் வென்றவர்களில் உடன்பிறந்தோர் நிறைய. ஆனால் ஒருவர் ஓய்வு பெற முடிவு செய்துவிட்டால் அண்ணன் தங்கை என்பது காப்பாற்றாது. ரேச்சல் பார்சன்ஸ் 2019-இல் விலகினார். மைக்கேல், அதுவரை தன் அண்ணனோடு ஆடிவந்த கேரலைன் கிரீனோடு சேர்ந்து 2022-இல் நான்கு கண்டங்கள் போட்டியை (ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கானது) வென்றார். உடன்பிறந்தவர்கள் காதல் கதை ஆட முடியாது, அதனால் உச்சிக்குப் போக முடியாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மாயா, அலெக்ஸ் ஷிபுடானி 2018 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள்.

அடுத்து, பாஸ்போர்ட். ஐ.எஸ்.யு. போட்டிகளில் இருவரில் ஒருவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் போதும், ஒலிம்பிக்கில் இருவருக்கும் வேண்டும். கனடாவில் பிறந்த தனித் பெல்பின் அமெரிக்காவுக்காக பென் அகோஸ்டோவோடு ஆடி 2002-இல் உலக ஜூனியர் பட்டம் வென்றார், 2005-இல் உலகப் போட்டியில் வெள்ளியும் வாங்கினார். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 2005 டிசம்பர் கடைசியில்தான், அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒலிம்பிக் வெள்ளி. கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் அந்தப் பதக்கமே இல்லை. வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் இளம் ஜோடியைப் பார்த்தால் முதலில் இதை விசாரியுங்கள். ஒலிம்பிக் ஆண்டு நெருங்க நெருங்க இந்த ஒரு காகிதம் ஜோடியை உடைக்கும்.

பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் எப்போதும் அதிகம், நல்ல ஆண் பார்ட்னர்கள் குறைவு. கசப்பான உண்மை இது. ஜோடி பிரிந்தால் பையனோடு சேர்ந்து ஆடிப் பார்க்கும் ட்ரைஅவுட்டுக்கு அடுத்த வாரமே வரிசை கட்டும், பெண் ஒரு சீசன், இரண்டு சீசன் காத்திருக்க நேரலாம், பலர் அந்தக் காத்திருப்பிலேயே விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். எவ்வளவோ நல்ல ஸ்கேட்டர்களை இப்படி இழந்திருக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கோச் மாற்றம் ஒன்று நடந்தால் பயப்பட வேண்டாம். பாபதாகிஸ்–சிசெரோன் 2013 உலக ஜூனியரில் வெள்ளி, 2014-இல் சீனியர் உலகப் போட்டியில் 13-ஆவது இடம், அந்த ஆண்டே மான்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தார்கள், 2015-இல் உலக சாம்பியன். பதிமூன்றிலிருந்து ஒரே ஆண்டில் முதலிடம்! இருவரும் சேர்ந்து முடிவு செய்து போகும் மாற்றம் ஜோடி உறுதியாக இருப்பதற்கான அடையாளம். இரண்டு வருடத்தில் மூன்று கோச், ஒவ்வொரு முறையும் பாதிப் பயிற்சி இங்கே பாதி அங்கே என்றால் அது வேறு கதை. பெரிய பயிற்சிக்கூடத்துக்குப் போனால் தினமும் உலகத்தர ஜோடிகளோடு ஒரே தளத்தில் ஓடலாம், டேவிஸ்–ஒயிட்டும் வர்ச்சூ–மொயரும் பல வருடம் மிச்சிகனில் ஒரே கூரையின் கீழ் பயிற்சி எடுத்தவர்கள். ஆனால் அங்கே இளம் ஜோடிக்கு முதன்மைக் கோச்சின் நேரம் எவ்வளவு கிடைக்கும் என்பதும் கேள்வி.

நாடு என்ற தடை

உலகப் போட்டிக்கு ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஜோடி. முந்தைய ஆண்டு அந்த நாட்டின் சிறந்த இரண்டு ஜோடிகளின் இடங்களைக் கூட்டினால் 13-க்குள் இருந்தால் மூன்று, 28-க்குள் இருந்தால் இரண்டு. அமெரிக்காவிலோ கனடாவிலோ நான்காவதாக இருக்கும் ஜோடி, ஐரோப்பிய நாடு ஒன்றில் இருந்தால் ஐரோப்பியப் பதக்கமே வாங்கியிருக்கலாம். ஆகவே இளம் ஜோடியின் சொந்த நாட்டில் அவர்களுக்கு மேலே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, அடுத்த ஒலிம்பிக்குக்குப் பின் யார் விலகக்கூடும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். சின்ன நாடு என்றால் இடம் எளிது, ஆனால் உலகப் போட்டிக்கான குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணை எட்ட வேண்டும், செலவுக்கு ஆள் வேண்டும். ஒலிம்பிக்கில் மொத்தமே 23 ஜோடிக்குத்தான் இடம்.

சீனியருக்குப் போன பிறகு

ஃப்ரீ டான்ஸ் 3:30-இலிருந்து 4 நிமிடமாகிறது. அரை நிமிடம்தானே என்று தோன்றும். கடைசி அரை நிமிடத்தில் முழங்கால் நிமிர்ந்துவிடும் ஜோடிகளை எண்ணிப் பாருங்கள், புரியும். கூடவே காம்பொனென்ட் மதிப்பெண் இறங்கும், ஏனென்றால் இப்போது பக்கத்தில் நிற்பவர்கள் பதினைந்து வருடம் சேர்ந்து ஆடியவர்கள். முதல் சீனியர் சீசனில் எட்டாவது, பத்தாவது வந்தால் அது தோல்வி இல்லை. முதல் சீசனிலேயே மேலே போவதும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஷிபுடானிகள் முதல் சீனியர் சீசனிலேயே, 2011-இல், உலகப் போட்டி வெண்கலம் வாங்கினார்கள், அடுத்த உலகப் பதக்கம் 2016-இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் அவர்களைப் பலர் கைகழுவிவிட்டார்கள். இன்னொரு பக்கம் இத்தாலிக்காக ஆடும் ஷார்லீன் கினியார்–மார்கோ ஃபாப்ரி 2009-இல் சேர்ந்து, முதல் உலகப் பதக்கத்தை 2023-இல் வாங்கினார்கள். ஜூனியர் பதக்கமே இல்லாத ஜோடிகளையும் பார்வையில் வைத்திருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் செய்யுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பக்கம். சீசனுக்கு இரண்டே பதிவு, தொடக்கத்தில் ஒன்று, உலக ஜூனியருக்குப் பின் ஒன்று. அதில் இடம், பதக்கம் எதையும் எழுதுவதில்லை. நெருக்கப் பிடியில் எவ்வளவு நேரம் ஆடினார்கள், ட்விஸிலிலும் ஒற்றைக்கால் ஸ்டெப்பிலும் இருவருடைய லெவல், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் மற்ற இரண்டைவிட மேலேயா கீழேயா, கடைசி அரை நிமிடத்தில் முழங்கால் மடங்குகிறதா. மூன்று சீசன் சேர்ந்த பிறகுதான் கணிப்பு என்ற பேச்சே. ஒரு சீசனை வைத்துச் சொல்வது வெறும் ஆசை.

ஜோடி பிரிந்துவிட்டால் பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள், இரண்டாகப் பிரித்து இருவர் பெயரிலும் தனித்தனியே தொடருங்கள். புதிய பார்ட்னர் ஐஸ் டான்ஸிலிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை: 2020-இன் ஜூனியர் சாம்பியன் வாடிம் கோலெஸ்னிக் தன் ஜோடி பிரிந்த பிறகு 2022-இல் சேர்ந்தது எமிலியா ஸிங்காஸோடு, அவர் அதுவரை ஒற்றையர் பிரிவில் ஆடியவர். புதிய ஜோடியின் முதல் சீசனில் லெவல்களைப் பார்க்க வேண்டாம், அவை எப்படியும் தாறுமாறாக இருக்கும். பிடி நெருங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள், இரண்டாவது சீசனின் நடுவில் மறுபடி தாளை எடுங்கள்.